நீர்ப் பங்கீட்டில் ஆற்றுக்கு எத்தனையாவது இடம்?

வெள்ளக் காலம் வந்துவிட்டால் போதும், "இத்தனை டி.எம்.சி. நீர் வீணாகக் கடலில் கலந்தது" என்று செய்தி வரத் தொடங்கிவிடும். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. வயலுக்கும் போகவில்லை, குழாய்க்கும் வரவில்லை, அப்புறம் அந்த நீரால் யாருக்கு லாபம்?

எகிப்தில் இதற்குப் பதில் கிடைத்தது. 1960-களின் நடுவில் அஸ்வான் உயர் அணை நைல் நதியின் ஆண்டு வெள்ளத்தை மறித்தது. அதுவரை கோடை முடிவில் பெருகி வந்த வெள்ளம், வண்டலையும் ஊட்டச்சத்தையும் மத்தியதரைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. கழிமுகத்துக்கு வெளியே நுண்பாசிகள் பெருகும். அவற்றைத் தேடி மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வரும். 1962-ல் எகிப்தியக் கரையில் ஏறத்தாழ 18,000 டன் மத்தி பிடிபட்டது. வெள்ளம் நின்ற சில ஆண்டுகளில் அது சில நூறு டன்னுக்கு இறங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடலில் மீன்பிடிப்பு மீண்டதும் உண்மை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் உதவியது வயல்களிலிருந்து வடிந்த உரமும் நகரங்களின் கழிவுநீரும் என்பது வேடிக்கையான பின்கதை. கடலுக்குப் போன நைல் நீருக்கு ஒரு செலவுக் கணக்கு இருந்தது. அதை எழுதிவைக்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை எழுதும் வேலைக்குத்தான் இன்று 'சூழல் நீரோட்டம்' என்று பெயர். ஆற்றிலும் கழிமுகத்திலும் வாழும் உயிர்களும், அவற்றை நம்பிப் பிழைக்கும் மனிதர்களும் நிலைத்திருக்க, எவ்வளவு நீர், எந்தக் காலத்தில், எந்தத் தரத்தில் ஓட வேண்டும் என்பதே அதன் சாரம். 2007-ல் பிரிஸ்பேனில் கூடிய வல்லுநர்கள் வெளியிட்ட பிரகடனம் இப்படித்தான் வரையறுத்தது. விவாதங்கள் பெரும்பாலும் 'எவ்வளவு' என்ற இடத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: பங்கீட்டு வரிசையில் ஆறு எங்கே நிற்கிறது? எல்லாருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சியது ஆற்றுக்கா, ஆற்றுக்கு எடுத்துவைத்த பிறகு மிஞ்சியது மற்றவர்களுக்கா? நீர்க் கொள்கையின் தலையெழுத்து பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஓட்டம் என்பது அளவு மட்டுமல்ல

பூமியின் பரப்பில் நன்னீர் நிலைகள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் உலகில் அறியப்பட்ட மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி இங்கேதான் வாழ்கின்றன. 2024-ல் வெளியான வாழும் கோள் அறிக்கையின்படி, கண்காணிப்பில் உள்ள நன்னீர் முதுகெலும்பு உயிரிக் கூட்டங்கள் 1970-க்கும் 2020-க்கும் இடையே சராசரியாக 85 சதவீதம் சரிந்திருக்கின்றன. இதை '85 சதவீத உயிர்கள் அழிந்தன' என்று படிக்கக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்தின் சரிவையும் சேர்த்து எடுத்த சராசரி அது. அப்படியே வைத்துக்கொண்டாலும் நிலத்திலும் கடலிலும் கண்ட சரிவைவிட இது மோசம். மாசு, அயல் இனங்கள், அளவுமீறிய மீன்பிடிப்பு என்று காரணங்கள் பல. அவற்றோடு சேர்ந்து நிற்பவை அணைகளும் நீர் எடுப்பும். 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஆறுகளில் 37 சதவீதம் மட்டுமே இன்று தலை முதல் கால் வரை தடையின்றி ஓடுவதாக 2019-ல் வெளியான ஓர் உலக ஆய்வு கணக்கிட்டது.

ஆறு என்றால் அணைக்குக் கீழே கொஞ்சம் நீர் ஓடினால் போதாதா? போதாது என்பதை 1997-ல் லிராய் பாஃப் உள்ளிட்ட சூழலியலாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை தெளிவாக வைத்தது. ஓட்டத்தின் அளவோடு, அது எத்தனை முறை வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது, எந்தப் பருவத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் ஏறி இறங்குகிறது ஆகிய நான்கும் சேர்ந்ததே ஓர் ஆற்றின் இயல்பு என்றது அக்கட்டுரை. உயிர்கள் பழகியிருப்பது இந்தத் தாளத்துக்கு.

யாங்சி ஆற்றின் நான்கு பெரிய கெண்டை இனங்களை எடுத்துக்கொள்வோம். நீரின் வெப்பம் 18 பாகையைத் தொட வேண்டும், ஆறும் நாளுக்கு நாள் ஏற வேண்டும். அப்போதுதான் அவை முட்டையிடும். அந்த முட்டைகள் ஓடும் நீரில் மிதந்துகொண்டே பொரிப்பவை, ஓட்டம் நின்றால் அடியில் படிந்து சாகும். மூன்று பள்ளத்தாக்கு அணை வந்த பிறகு வெள்ளத்தின் அந்த ஏற்றம் மழுங்கியது, அணையிலிருந்து வரும் நீரும் வசந்தத்தில் குளிர்ந்தே இருந்தது. 2011 முதல் அந்த அணையில், இனப்பெருக்கக் காலத்தில் சில நாட்கள் திறப்பைப் படிப்படியாகக் கூட்டி, செயற்கையாக ஒரு சிறு வெள்ளம் உண்டாக்குகிறார்கள். ஆண்டு முழுவதற்குமான நீரில் இது சிறிய அளவுதான். மீனுக்கு வேண்டியிருந்தது திறப்பில் ஓர் ஏற்றம், அதுவும் அந்தச் சில நாட்களில்.

இதைவிட நுணுக்கமான உதாரணம் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் இருக்கிறது. கிளென் கேன்யன் அணை மின்தேவைக்கு ஏற்ப நீரைத் திறக்கும். பகலில் அதிகம், இரவில் குறைவு. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் ஆழத்தில், கடலே இல்லாத இடத்தில், தினமும் ஓதம் ஏறி இறங்குவது மாதிரி ஆறு ஏறி இறங்கும். அங்குள்ள நீர்ப்பூச்சிகள் பல, கரையோரத்தில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுபவை. மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் இட்ட முட்டைகள், சில மணி நேரத்தில் நீர் இறங்கியதும் காய்ந்துபோகும். பூச்சி இல்லை என்றால் மீனுக்கு உணவில்லை. 2018-ல் மே முதல் ஆகஸ்டு வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் நீரைத் தாழ்வாகவும் சீராகவும் விட்டுப் பார்த்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் இடும் முட்டைகள் காயாது என்பதுதான் கணக்கு. வார இறுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அப்போது மின்தேவை குறைவு. ஆகவே இழப்பும் குறைவு. பூச்சிகளுக்காக ஒரு பெரிய அணையின் மின் உற்பத்தி அட்டவணையை மாற்றினார்கள் என்பதே எனக்கு வியப்பான செய்தி. அதற்காக ஆற்றில் ஒரு சொட்டு நீரும் கூடுதலாக விடவில்லை.

அதே அணையில் 1996 வசந்தத்தில் ஒரு வாரம் வினாடிக்கு 45,000 கன அடி திறந்து செயற்கை வெள்ளம் விட்டார்கள். அடியில் கிடந்த மணலை அள்ளி, கரையோர மணல்திட்டுகளை மீண்டும் கட்டுவது நோக்கம். திட்டுகள் எழுந்தன, பிறகு கரைந்தன. அணைக்குப் பின்னால் வண்டலெல்லாம் சிக்கிக்கொண்ட ஆற்றில், நீரை மட்டும் விட்டால் இருக்கிற மணலும் போய்விடும் என்பது பாடம். அதனால் 2012-ல் வந்த நெறிமுறை, கிளை ஆறான பாரியா போதிய மணலைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே வெள்ளம் விட வேண்டும் என்றது. ஆறு சுமப்பது நீரை மட்டும் அல்ல என்பது நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் இன்னும் ஏறவில்லை.

10 சதவீதம் எங்கிருந்து வந்தது?

கொள்கை வகுப்பவர்களுக்குத் தேவை ஓர் எண். அதைக் கொடுத்தவர் டொனால்டு டெனன்ட் என்ற அமெரிக்க உயிரியலாளர். மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநில ஓடைகளை அளந்து பார்த்து 1976-ல் அவர் ஒரு எளிய அட்டவணை வெளியிட்டார். ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் ஓடினால் பெரும்பாலான உயிர்கள் கொஞ்ச காலத்துக்குத் தாக்குப்பிடிக்கும். 30 சதவீதம் இருந்தால் நல்ல வாழிடம். 60 சதவீதம் என்றால் மிகச் சிறப்பு. கருவி வேண்டாம், நீண்ட ஆய்வு வேண்டாம், பழைய நீரோட்டப் பதிவு இருந்தால் போதும். உலகம் முழுவதும் பரவ வேறென்ன வேண்டும்?

பரவும்போது என்ன நடந்தது என்றால், 'கொஞ்ச காலத்துக்குத் தாக்குப்பிடிக்கும்' என்ற 10 சதவீதம் பல இடங்களில் ஆண்டு முழுவதற்குமான இலக்காக மாறிவிட்டது. ஒரு நோயாளி பிழைத்துக் கிடக்கத் தேவையான குளுக்கோஸ் அளவை அவருடைய வாழ்நாள் உணவுத் திட்டமாக எழுதிக்கொடுத்த கதை இது. பனி உருகி ஓடும் மலை ஓடைகளில் கண்ட விகிதம், நான்கு மாதத்தில் ஆண்டு மழை முழுவதும் கொட்டும் பருவமழை ஆறுகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் பின்னால் தள்ளப்பட்டது. அந்த ஆறுகளில் ஆண்டுச் சராசரி என்பதே எந்த நாளிலும் ஓடாத ஒரு கற்பனை ஓட்டம்.

குறைந்தபட்ச அளவை வருடம் முழுக்கச் சீராக விடுவதிலும் ஆபத்து உண்டு. உலகின் ஆறு, ஓடைகளின் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல், ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நிற்பவை. வறண்டு போவது அவற்றின் குறை அல்ல, இயல்பு. அங்குள்ள உயிர்கள் மடுக்களில் ஒதுங்கியும் சேற்றுக்கடியில் புதைந்தும் அந்தக் காலத்தைக் கடக்கப் பழகியவை. அப்படிப்பட்ட ஆற்றில் பாசனத்துக்காகக் கோடையெல்லாம் நீர் ஓடவிட்டால், வறட்சியைத் தாங்காத அயல் மீன்கள் வேரூன்றிவிடும். மீகாங் ஆற்றில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். மேலே உள்ள அணைகள் வறண்ட காலத்தில் நீரைக் கூட்டி விடுகின்றன, மழைக்காலத்தில் பிடித்துவைக்கின்றன. கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியைச் சுற்றியுள்ள வெள்ளக்காடுகள் பாதி ஆண்டு மூழ்கியும் பாதி ஆண்டு காய்ந்தும் வாழப் பழகியவை. காய வேண்டிய மாதங்களில் நீர் நின்றால் தாழ்ந்த பகுதி மரங்கள் அழுகும். ஏற வேண்டிய மாதங்களில் ஏறாவிட்டால் மீன் குஞ்சுகளுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கும். ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் குறைந்திருக்காது!

தாளத்தைப் பிடித்தால் கொஞ்ச நீரே போதும் என்பதற்குக் கலிபோர்னியாவின் புட்டா ஓடை நல்ல சாட்சி. 1957-ல் கட்டிய அணைக்குக் கீழே ஓடை அயல் மீன்களின் ராஜ்யமாகிவிட்டது. வழக்கும் பேச்சுவார்த்தையுமாக இழுத்து, 2000-ல் ஓர் உடன்பாடு வந்தது. நாட்டு மீன்கள் முட்டையிடும் வசந்தத்தில் ஒரு சிறு வெள்ளம், சால்மன் ஏறும் காலத்தில் இன்னொன்று, கீழ்ப்பகுதி வரை காயாத ஓட்டம். சில ஆண்டுகளில் 20 கிலோமீட்டருக்கு மேல் நாட்டு மீன்களே மீண்டும் பெரும்பான்மையாகின. கூடுதலாகக் கொடுத்த நீர் சொற்பம்.

வரிசையில் முன்னால் நிற்பது

சரி, அறிவியல் இவ்வளவு சொல்கிறது. சட்டம் என்ன செய்யலாம்?

வரிசையை நேரடியாகவே மாற்றி எழுதிய நாடு தென்னாப்பிரிக்கா. 1998-ல் இயற்றிய தேசிய நீர்ச் சட்டம் 'ஒதுக்கீடு' என்ற ஒன்றை உருவாக்கியது. அதில் இரண்டே பகுதிகள்: மனிதர்களின் அடிப்படைத் தேவைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், பிறகு ஆற்றின் சூழல் உயிர்த்திருக்க வேண்டிய நீர். இவற்றை எடுத்துவைத்த பிறகுதான் விவசாயம், சுரங்கம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் உரிமம். அதுவரை நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த தனியார் நீர் உரிமையும் அத்துடன் போயிற்று. காகிதத்தில் இதைவிடத் துணிச்சலான சட்டம் அபூர்வம். களத்தில் கதை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் குறைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், அரசியல் தைரியமும் வேண்டும்.

'ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள்' என்பதுதான் எல்லா நாட்டிலும் முடிச்சு. சிலியில் 1981 நீர்ச் சட்டம் நீர் உரிமையை ஏறத்தாழச் சொத்தாகவே கொடுத்துவிட்டது. 2005-ல் அதைத் திருத்திக் குறைந்தபட்சச் சூழல் ஓட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள், ஆனால் புதிதாகக் கொடுக்கும் உரிமைகளுக்கு மட்டும். ஆற்றின் பெரும் பகுதி அதற்கு முன்பே பங்கு போடப்பட்டிருந்தது. மெக்சிகோ இதை மறுபக்கத்திலிருந்து அணுகியது. இன்னும் அதிகம் சுரண்டப்படாத வடிநிலங்களைத் தேடி, அவற்றின் ஆண்டு ஓட்டத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே இயற்கைக்கென்று ஒதுக்கி 2018-ல் ஆணைகள் பிறப்பித்தது. ஏறத்தாழ 300 வடிநிலங்கள் அதில் வந்தன. யாரிடமும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை என்பதால் எதிர்ப்பும் குறைவு. நோய் வருவதற்கு முன் செய்யும் வேலைக்கு அவ்வளவாகப் பெயர் கிடைப்பதில்லை என்றாலும், மலிவான வழி இதுதான் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் விதி வேறு: முதலில் எடுத்தவனுக்கே முதல் உரிமை. 1890-ல் வாய்க்கால் வெட்டியவரின் வாரிசு முழுப் பங்கையும் எடுத்த பிறகுதான் 1950-ல் வந்தவருக்கு. இந்த வரிசையில் ஆறு நிற்கவே இல்லை, ஏனென்றால் நீரை வெளியே எடுத்தால்தான் உரிமை. 1973-ல் கொலராடோ மாநிலமும், 1987-ல் ஆரிகனும் ஆற்றுக்குள்ளேயே ஓடவிடுவதையும் ஒரு பயன்பாடாகச் சட்டத்தில் ஏற்றன. ஆனால் புதிதாகப் பதிவு செய்தால் வரிசையின் கடைசியில்தான் இடம். வறட்சியில் கடைசி ஆளுக்கு ஒன்றும் வராது. அதனால் ஆரிகனில் பழைய தேதியிட்ட பாசன உரிமைகளை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் ஆற்றுக்கு மாற்றுகிறார்கள். வரிசையை உடைக்காமல், வரிசையில் முன்னால் உள்ள இடத்தையே விலைக்கு வாங்கும் உத்தி.

நீதிமன்றம் வரிசையை அசைத்த கதையும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1941 முதல் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக் குடிநீருக்கு எடுத்தது. நாற்பதாண்டுகளில் ஏரி சுமார் 14 மீட்டர் இறங்கியது, உப்பு இரட்டிப்பானது. நகரத்திடம் முறையான உரிமம் இருந்தது. இருந்தும் 1983-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், நீர்நிலைகள் பொதுமக்களுக்காக அரசு வைத்திருக்கும் அறக்கட்டளைச் சொத்து போன்றவை, கொடுத்த உரிமத்தையும் அரசு மறுபடி ஆராயலாம், ஆராயவும் வேண்டும் என்றது. 1994-ல் ஏரிக்கு ஓர் இலக்கு மட்டம் நிர்ணயித்தார்கள். அந்த மட்டத்தை ஏரி இன்னும் எட்டவில்லை.

முர்ரே–டார்லிங்: பெரிய சோதனை, பெரிய சண்டை

ஆற்றுக்கென்று நீரை அரசே பணம் கொடுத்து வாங்கிய மிகப் பெரிய முயற்சி ஆஸ்திரேலியாவின் முர்ரே–டார்லிங் வடிநிலத்தில் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற நாடுகள் மோதப்போகும் சுவர்களையெல்லாம் இது முன்பே மோதிவிட்டது.

1995-ல் எடுக்கும் நீருக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. பிறகு பத்தாண்டுக்கும் மேல் நீண்ட வறட்சி. 2007-ல் தேசிய நீர்ச் சட்டம். 2012-ல் வடிநிலத் திட்டம். ஆண்டுக்குச் சராசரியாக 2,750 கிகாலிட்டர், நமக்குப் புரியும் அலகில் சொன்னால் சுமார் 97 டி.எம்.சி. நீரைப் பாசனத்திலிருந்து மீட்டு ஆற்றுக்குக் கொடுப்பது இலக்கு. அங்கே நீர் உரிமை நிலத்திலிருந்து பிரிந்து சந்தையில் விற்கப்படும் பொருள் என்பதால், விற்க முன்வரும் விவசாயிகளிடம் அரசு வாங்கியது. வாய்க்கால்களைச் சீரமைத்து மிச்சமான நீரிலும் பங்கு எடுத்தது. வாங்கியதைக் கையில் வைத்துக்கொள்ள, 'காமன்வெல்த் சூழல் நீர் உடைமையாளர்' என்ற பதவியைச் சட்டம் உருவாக்கியிருந்தது. இந்த அமைப்பை நான் மெச்சுகிறேன். அறிவிப்புப் பலகையில் தொங்கும் ஒரு சதவீதத்துக்குப் பதில், இங்கே ஆற்றுக்கு ஒரு கணக்கு, அதில் இருப்பு, அதை எப்போது எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்க ஓர் ஆள். வறட்சி ஆண்டில் பக்கத்து விவசாயிக்கு எத்தனை சதவீதம் கிடைக்கிறதோ, அதே வகை உரிமைக்கு ஆற்றுக்கும் அதே சதவீதம்.

சுவர்கள் எங்கே வந்தன? முதலில் ஊர்கள். நீரை விற்ற விவசாயிக்குப் பணம் கிடைத்தது. அவர் வேலை கொடுத்த ஆட்களுக்கும், அவருக்கு விதையும் எந்திரமும் விற்ற கடைக்கும் எதுவும் கிடைக்கவில்லை. இந்தக் குறையைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. 2015-ல் நீர் வாங்குவதற்கு ஒரு வரம்பு போட்டார்கள், 2023-ல் அதை நீக்கினார்கள், சண்டை ஓயவில்லை. அடுத்து, நிலம். வெள்ளச் சமவெளியிலுள்ள செம்பசை (யூகலிப்டஸ் வகை) மரக்காடுகளுக்கு நீர் எட்ட வேண்டுமானால் ஆறு கரை வழிய வேண்டும். வழிந்தால் தாழ்வான பாலங்கள் மூழ்கும், யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம் நனையும். அதனால் கணக்கில் நீர் இருந்தும், ஒரே நேரத்தில் போதிய அளவு திறந்துவிட முடியாத நிலை. நீரை வாங்குவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள், அது பரவும் நிலத்தின் சொந்தக்காரர்களோடு பேசுவதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

மூன்றாவது சுவர் எல்லாருக்கும் தெரியவந்தது. 2018 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் டார்லிங் ஆற்றின் மெனிண்டி பகுதியில் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. ஓட்டம் கிட்டத்தட்ட நின்ற ஆற்றில் நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. மேலே சூடான அடுக்கில் நீலப்பச்சைப் பாசி, கீழே ஆக்சிஜன் இல்லாத குளிர் அடுக்கு. திடீரென்று வெப்பம் இறங்கியதும் இரண்டும் கலந்தன, மீன்களுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று. வறட்சியே காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. ஆஸ்திரேலிய அறிவியல் அகாதெமியின் குழுவோ, நீண்ட காலமாக ஆற்றிலிருந்து அளவுக்கு மீறி எடுத்ததே அடிப்படை என்றது. பிறகு 2023 மார்ச்சில் அதே இடத்தில் கோடிக்கணக்கில் மீன்கள் செத்தன. இந்த முறை பெருவெள்ளம் வடியும்போது. சமவெளியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த சருகை வெள்ளம் அள்ளி வரும், அது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். வெள்ளங்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு சருகு குவியும். சிறு வெள்ளங்களை அணைக்குள் அடக்கிவைத்ததற்கு ஆறு பெரு வெள்ளத்தில் வட்டி கட்டுகிறது.

திறந்த நீர் எங்கே போகிறது?

கொலராடோ ஆறு பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதில்லை. அமெரிக்காவும் மெக்சிகோவும் 2012-ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2014 மார்ச் 23 முதல் எட்டு வாரம், சுமார் 13 கோடி கன மீட்டர் நீரை வறண்ட கழிமுகத்துக்குத் திறந்துவிட்டார்கள். மே மாதம் ஆறு கடலைத் தொட்டது. அருமையான நிகழ்ச்சிதான். ஆனால் நீரின் பெரும் பகுதியை எல்லைக்கு அருகிலுள்ள வறண்ட மணற்படுகையே உறிஞ்சிவிட்டது. நிலத்தடி நீர்மட்டம் ஆழத்துக்குப் போய்விட்ட இடம் அது. நட்டு வளர்க்கும் காடுகள் இருந்த கீழ்ப்பகுதிக்கு மிஞ்சியது கொஞ்சம். 2017-ல் வந்த அடுத்த உடன்பாட்டின் கீழ் 2021-ல் நீர் விட்டபோது, பாசன வாய்க்கால்கள் வழியாகவே நேராக அந்தக் காடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆற்றைக் காக்க வாய்க்காலைப் பயன்படுத்துவது முரணாகத் தோன்றலாம். உள்ள நீரில் அதிக உயிர் பிழைக்க அதுவே வழியாக இருந்தது.

இதில் ஒளிந்திருப்பது நிலத்தடி நீர். மழையில்லாத மாதங்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நிலத்துக்கடியிலிருந்து ஊறி வரும் நீர்தான். கரையோரக் கிணறுகளில் மோட்டார் ஓடினால் ஊற்று திரும்பி, ஆற்று நீர் கிணற்றுக்குள் போகும். மதகைக் கணக்கில் வைத்துவிட்டு மோட்டாரை விட்டுவிடும் கொள்கை ஓட்டைக் குடம். இன்னொரு கணக்குப் பிழை சொட்டுநீர்ப் பாசனத்தில் நடக்கிறது. வாய்க்காலில் கசிந்தும் வயலில் வடிந்தும் போன நீர் முழுவதும் தொலைந்துபோவதில்லை; அதில் ஒரு பங்கு ஆற்றுக்கோ நிலத்தடிக்கோ திரும்பிக்கொண்டிருந்தது. சொட்டுநீருக்கு மாறியபின் அந்த 'மிச்சத்தை' வைத்து இன்னும் அதிக ஏக்கர் பயிரிட்டால், ஆற்றுக்குத் திரும்பியதும் நின்றுவிடும். மானியம் கொடுத்த அரசு நீரைச் சேமித்ததாக அறிக்கை எழுதும், ஆறு மெலிந்திருக்கும்.

கங்கைக்கு 2018 அக்டோபரில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையை இந்தப் பின்னணியில் படித்தால் அதன் பலமும் பலவீனமும் தெரியும். பனியாறுகளில் தொடங்கி தேவப்பிரயாகை வழியாக ஹரித்வார் வரையிலான மேல்பகுதிக்கு அது ஒரே எண்ணைச் சொல்லவில்லை. முந்தைய பத்து நாள் காலத்தின் சராசரி நீர்வரத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று பருவத்தோடு நகர்கிறது. ஹரித்வாருக்குக் கீழே நிலையான எண்கள். பீம்கோடா தடுப்பணையில் மழைக்காலத்தில் வினாடிக்கு 57 கன மீட்டர், மற்ற மாதங்களில் 36. பிஜ்னோர், நரோரா, கான்பூரில் மழைக்காலத்தில் 48, மற்ற மாதங்களில் 24. கான்பூரைத் தவிர மற்றவை பாசனக் கால்வாய்கள் பிரியும் இடங்கள். கால்வாய்க்கு முன்னால் ஆற்றை நிறுத்தத் தயக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த எண்களே காட்டிக்கொடுக்கின்றன. அணைகளுக்கு எண் விதித்ததும், அதைக் கண்காணிக்க ஓர் அமைப்பைப் பொறுப்பாக்கியதும் முக்கியமான தொடக்கம். ஆனால் நிலையான எண் ஆற்றுக்கு ஒரு தரைமட்டத்தைத்தான் தருகிறது, வெள்ளத்தின் ஏற்ற இறக்கத்தைத் தரவில்லை.

செலவை யார் ஏற்பது?

பருவநிலை மாறும்போது நிலையான எண்களுக்கு இன்னொரு சிக்கல். கடந்த ஐம்பதாண்டுப் பதிவை வைத்து நிர்ணயித்த அளவு, வரத்தே குறைந்த ஆற்றில் எட்ட முடியாததாகலாம். வரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் கூடவே நகரும், ஆனால் கொடிய வறட்சியில் அந்தப் பங்கும் மடுக்களை நனைக்காத அளவுக்குச் சுருங்கும். எனவே பங்கும் வேண்டும், அதற்கடியில் எந்த நிலையிலும் தொடக் கூடாத ஒரு தரைமட்டமும் வேண்டும்.

வறட்சி கொண்டுவரும் இன்னொரு சிக்கல் கிளென் கேன்யனில் நடைமுறையில் வந்தது. நீண்ட வறட்சியில் நீர்த்தேக்கம் தாழ்ந்ததால், மேலடுக்கின் சூடான நீர் மின்சுழலிகள் வழியே கீழே இறங்கத் தொடங்கியது. கூடவே சிறுவாய் பாஸ் என்ற அயல் மீனும் வந்தது. 2022-ல் அது அணைக்குக் கீழே இனப்பெருக்கம் செய்வது தெரிந்தது. கிராண்ட் கேன்யனில் ஓரளவு மீண்டிருந்த நாட்டு மீனான கூன்முதுகு சப்புக்கு அது எமன். 2024 கோடையில் மின்சுழலியைத் தவிர்த்து, ஆழத்திலுள்ள குழாய்கள் வழியே குளிர்ந்த நீரைக் கலந்து விட்டு ஆற்றின் வெப்பத்தை இறக்கினார்கள். அந்த வழியாகப் போகும் நீர் மின்சாரம் தராது. இழப்பு அந்த அணையின் மின்சாரத்தை வாங்கும் ஊரக, பழங்குடி மின் அமைப்புகளின் தலையில் விழுகிறது. அவர்கள் எதிர்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

சுவிட்சர்லாந்து இந்தச் செலவை வேறு விதமாகப் பிரித்தது. மின்நிலையங்களால் ஆறு திடீர் திடீரென்று ஏறி இறங்குவதையும், மீன் ஏற முடியாமல் அணைகள் மறிப்பதையும், வண்டல் தேங்குவதையும் 2030-க்குள் சரிசெய்ய வேண்டும் என்று 2011-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் கட்டளையிட்டது. மின்நிலையத்துக்குக் கீழே ஒரு சமன்செய் குளம் கட்டி, அங்கிருந்து நீரை மெதுவாக ஆற்றில் விடுவது போன்ற வேலைகள் இவை. பணம் மின்நிலைய முதலாளியிடமிருந்தோ, ஓர் ஊரிலிருந்தோ வரவில்லை. நாட்டில் மின்சாரம் பயன்படுத்தும் எல்லாரும் யூனிட்டுக்கு 0.1 ரப்பன், அதாவது ஒரு பிராங்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.